மோடத்தை இடம் மாற்றியபின் இணையம் வரவில்லையா? முதலில் தொட வேண்டியதும் தொடவே கூடாததும்

பழைய இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மோடம். கழற்றிக் கொண்டுபோய் வேறு அறையில் மாட்டியதும் இணையம் இல்லை, அல்லது முன்பு வந்த வேகத்தில் பாதிகூட வரவில்லை. முதலில் எரிச்சல் வரும். அரை மணி நேரம் போனால் எரிச்சல் பதற்றமாகும். மறுநாள் வேலை இருக்கும், பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கும், என்ன செய்வது என்று தேடிப் பார்க்கவும் அதே இணையம்தான் வேண்டும். அந்தப் பதற்றத்தில்தான் ரீசெட் துளைக்குள் ஊசி போகிறது, தேவையில்லாத புது ரவுட்டர் வீட்டுக்கு வருகிறது, கைபேசி டேட்டா கரைகிறது, ஒரு விடுமுறை நாள் முழுக்கத் தரையில் குந்தியே கழிகிறது. தனியாக இதோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அந்தக் களைப்பு தெரியும். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த நாளும் பணமும் மிஞ்சியிருக்குமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

பெட்டியை நகர்த்துவதால் அதற்குள் இருக்கும் செட்டிங் எதுவும் மாறாது. இணைப்பின் பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை பெயர் எல்லாம் மின்சாரம் நின்றாலும் உள்ளேயே பதிந்திருக்கும். மாறியவை வெளியே இருக்கின்றன: வயர், வயரின் முனை எந்த போர்ட்டில் போகிறது என்பது, கரன்ட் எடுக்கும் இடமும் அடாப்டரும், பெட்டி உட்கார்ந்திருக்கும் இடம். கோளாறு பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். செட்டிங் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க ஆரம்பித்தால், ஒரு கோளாறு இரண்டாகி, எது பழையது எது நாமே உண்டாக்கியது என்று பிரிக்க முடியாமல் போகும்.

ரீசெட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கி 30 வினாடி விட்டு மீண்டும் போடுவது ரீஸ்டார்ட். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. பின்பக்கத் துளையில் ஊசியை 10 வினாடி அழுத்துவது வேறு. அது பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். பிபிபிஓஇ (நிறுவனத்தோடு லாகின் செய்யும் முறை) பயனர் பெயர், பாஸ்வேர்டு, லைனில் இணையத்தைப் பிரித்துக் காட்டும் விலேன் எண் ஆகியவை அழிந்தால், வயரைச் சரிசெய்த பிறகும் இணையம் வராது. சில நிறுவனங்களின் பெட்டிகள் லைன் கிடைத்ததும் அந்த விவரங்களைத் தாமே இறக்கிக்கொள்ளும். பல பெட்டிகள் அப்படிச் செய்யாது, ஆள் வந்துதான் மறுபடி போட வேண்டும். அந்த விவரங்கள் எழுத்தில் உங்கள் கையில் இல்லாதவரை ஊசியை எடுக்கவே வேண்டாம்.

கரன்ட் கொடுத்தவுடன் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஃபைபர் மோடம் விளக்குகள் நிலைக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கேபிள் மோடம் அலைவரிசைகளைத் தேடிப் பூட்டிக்கொள்ள 5 நிமிடத்துக்கு மேலும் எடுக்கலாம். மோடமும் (வெளி லைனை வாங்குவது) ரவுட்டரும் (அதை வீட்டுக்குள் வைஃபையாகப் பகிர்வது) தனித்தனிப் பெட்டிகள் என்றால், முதலில் மோடத்தை மட்டும் போட்டு, அதன் விளக்குகள் அடங்கிய பிறகு ரவுட்டரைப் போட வேண்டும். இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் ஒன்றாகத் தட்டிவிட்டால், மோடம் தயாராகும் முன்பே ரவுட்டர் இணைப்புக்கான எண் முகவரி (ஐபி) கேட்டு, கிடைக்காமல் அப்படியே நின்றுவிடுவது உண்டு.

அடுத்து, கோளாறு எந்தத் துண்டில் என்று பிரிக்க வேண்டும். வெளியிலிருந்து மோடம் வரை ஒரு துண்டு, மோடத்திலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, ரவுட்டரிலிருந்து கைபேசி வரை காற்றில் ஒரு துண்டு. ஒரு மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளை நேராக ரவுட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே முழு வேகம் வந்தால் லைனும் மோடமும் நன்றாக இருக்கின்றன, பிரச்சினை வைஃபையில். கேபிளிலும் வரவில்லை என்றால், எத்தனை முறை வைஃபை பாஸ்வேர்டை மாற்றினாலும் பயனில்லை. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல், சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கிப் பணத்தை விடுகிறவர்கள்தான் அதிகம்.

லைன் பக்கத்துக்கு வருவோம். ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, ஒளி மோடத்துக்குள் வரவில்லை, அல்லது போதிய அளவு வரவில்லை என்று பொருள். பான் (PON) விளக்கு பச்சையில் சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் நிறுவனத்தின் எதிர்முனைக் கருவியோடு பதிவாகவில்லை. நிலையாக எரிந்தால் பதிவாகிவிட்டது. இடம் மாற்றியபின் எல்ஓஎஸ் சிவப்பு என்றால் முதலில் வளைவைப் பாருங்கள். பழைய வகைக் கண்ணாடி இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. வீட்டுக்குள் ஓட்டுவதற்காக வந்த வகைகள் 10, சிலது 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று பெரும்பாலும் வெளியிலிருந்து தெரியாது. மிச்ச வயரைச் சுருட்டும்போது வட்டத்தின் குறுக்களவு 6 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பாதுகாப்பு. கதவிடுக்கில் நசுங்கிய இடம், அலமாரிக் காலடியில் அழுந்திய இடம், சுவர் மூலையில் கிளிப் அடித்து மடக்கிய இடம், இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் டேக் இவற்றைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். மின்கம்பியை மடிப்பது போல இதை மடித்தால் வெளியுறை நன்றாகவே இருக்கும், உள்ளே இழை விரிசல் விட்டிருக்கும்.

வளைவுக்கு அடுத்து முனை. ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கழற்றிய முனையை மூடி போடாமல் தரையில் வைத்தாலோ, விரலால் துடைத்தாலோ, ஒரு துளி எண்ணெய்ப்பிசுக்கு பாதையை மறைத்துவிடும். நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் துடைத்து, காய்ந்த பகுதியால் இன்னொரு முறை துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படியும். முனைக்குள்ளோ மோடத்தின் துளைக்குள்ளோ கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர், தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. செருகும்போது ‘க்ளிக்’ என்று கேட்க வேண்டும். கனெக்டரின் நிறத்தையும் கவனியுங்கள்: பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல முனை நேரானது. பச்சையை நீலத்துக்குள் செருகினால் பொருந்தியது போலவே இருக்கும். நடுவில் காற்று இடைவெளி விழுந்து சிக்னல் போய்விடும், முனையும் கீறும். கடையில் ‘ஃபைபர் எக்ஸ்டென்ஷன்’ என்று கேட்டு வாங்கி வருகிறவர்கள் பலர் இந்த நிறத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிக்னலை எண்ணாகவே பார்க்கலாம். மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்) ‘ஆர்எக்ஸ் பவர்’ (RX Power, வந்து சேரும் ஒளியின் அளவு) என்று ஒரு வரி இருக்கும். பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபர் இணைப்புகளில் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (சிக்னலின் வலிமையை அளக்கும் அலகு, மைனஸ் எண் பெரிதாக ஆக சிக்னல் குறைவு) வரை மோடம் வாங்கிக்கொள்ளும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் இணையம் வரும், போகும், பக்கம் திறக்கும், வீடியோ நிற்கும். சிக்னல் இழப்பை டிபி என்று அளப்பார்கள்; 3 டிபி குறைந்தால் ஒளி பாதியானதாகக் கணக்கு. ஒரு கனெக்டர் இணைப்பில் அரை டிபி வரை போகலாம். இயந்திரம் வைத்து உருக்கி ஒட்டிய இணைப்பில் 0.1 டிபி அளவே போகும். அறுந்த ஃபைபரை டேப் சுற்றி ஒட்ட வழியே கிடையாது. அது ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்தான்.

தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல் என்றால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். வீட்டுக்குள் லைன் நுழையும் முதல் சாக்கெட்டில் மோடம் இருந்திருக்கும்; இப்போது தட்டையான நீள எக்ஸ்டென்ஷன் வயரில் தொங்கும். முறுக்கில்லாத அந்த வயர் இரைச்சலை உள்ளே இழுத்து வேகத்தைத் தின்னும். மோடத்தை முதல் சாக்கெட்டிலேயே மாட்டிப் பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் கோளாறு வீட்டு வயரிங்கில். தொலைபேசி செருகியிருக்கும் ஒவ்வொரு சாக்கெட்டிலும் பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் மைக்ரோஃபில்டர் வேண்டும்; மாற்றும் அவசரத்தில் ஒன்று விட்டுப்போனால் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்து விழும். இன்னொன்று, மோடத்தை அடிக்கடி அணைத்துப் போட்டால் எதிர்முனைக் கருவி ‘லைன் நிலையாக இல்லை’ என்று எடுத்துக்கொண்டு வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். பழைய வேகம் திரும்ப நாட்கள் ஆகும். பொறுமையிழந்து சுவிட்சைத் தட்டுவதற்கு இதைவிடக் கடுமையான தண்டனை இல்லை.

டிவி கேபிள் போன்ற கோஆக்ஸ் வயரில் வந்தால், புது அறையின் சாக்கெட் உயிரோடு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பல வீடுகளில் அந்த வயரின் மறுமுனை எதிலும் இணைக்கப்படாமல் கிடக்கும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு வழியிலும் 3.5 டிபி, நான்காகப் பிரிப்பது 7 டிபி தின்னும்; அதனால் மோடத்துக்குப் போகும் வயர் முதல் ஸ்பிளிட்டரிலிருந்தே பிரிய வேண்டும். திருகு முனையைக் கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் லேசாக ஒரு கடைசித் திருப்பு. பாதி திருகிய முனைதான் மழைக்காலத்தில் ‘திடீரென்று’ படுத்துக்கொள்கிறது.

அடாப்டரை யாரும் சந்தேகிப்பதில்லை. சாமான்களைக் கட்டிப் பிரிக்கும்போது ஒரே மாதிரி முனையுள்ள கறுப்பு அடாப்டர்கள் இடம் மாறிவிடுகின்றன. ஒரு பெட்டி 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும். கையில் அகப்பட்டது 12 வோல்ட் 1 ஆம்பியர். விளக்கெல்லாம் எரியும், ஆனால் நான்கைந்து பேர் ஒன்றாக வீடியோ பார்க்கும்போது தானாக அணைந்து எழும். பெட்டியின் அடியிலும் அடாப்டரின் மேலும் அச்சிட்ட வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்ற குறியும் பொருந்த வேண்டும். வோல்ட் கூடினால் பெட்டி எரிந்துபோகும், அதற்கு மாற்று வாங்குவதைத் தவிர வழி கிடையாது.

மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையில் நடக்கும் கோளாறுகள் சின்னவை, ஆனால் கண்ணில் படாதவை. மோடத்திலிருந்து வரும் கேபிள் ரவுட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது இணையம் உள்ளே வரும் துளையில், போக வேண்டும். வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட்டில் போனால் வைஃபை பிடிக்கும், இணையம் வராது, சில சமயம் இரண்டு பெட்டிகளும் முகவரி கொடுத்துக் குழப்பும். உங்கள் கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், யாரிடமிருந்தும் முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். கேபிளும் போர்ட்டும்தான் முதல் சந்தேகம். ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையில் 8.8.8.8 (கூகுளின் பொது முகவரி) பதில் சொல்கிறது, ஆனால் தளங்கள் திறக்கவில்லை என்றால் லைன் நலம், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. புது ரவுட்டரை மாட்டியும் வரவில்லை என்றால், நிறுவனம் பழைய ரவுட்டரின் மேக் முகவரியோடு (கருவிக்கே உரிய அடையாள எண்) இணைப்பைப் பூட்டியிருக்கலாம். மோடத்தைச் சற்று நேரம் அணைத்துப் போடுவதில் தீராவிட்டால், தொலைபேசியில் சொல்லி விடுவிக்கச் சொல்ல வேண்டும். ஸ்பீட் டெஸ்டில் எப்போதும் 94, 95 எம்பிபிஎஸ்ஸிலேயே நிற்கிறது, உங்கள் திட்டமோ அதைவிடப் பெரியது என்றால் நிறுவனத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் கேபிளுக்குள் எட்டு கம்பியில் ஏதோ ஒன்று தொடாமல் இருக்கும், அல்லது ஒரு பக்கத்து போர்ட்டே 100 வரைதான் தாங்கும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி போனால் இணைப்பு 100க்கு இறங்கிவிடும். கேட் 5இ அல்லது கேட் 6, முழுச் செம்பு என்று எழுதிய கேபிள் வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் முனையில் சீக்கிரம் முறியும்.

இங்கே என் திடமான அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வைஃபை எட்டவில்லை என்ற காரணத்துக்காக மோடத்தை நகர்த்தவே வேண்டாம். மோடம் லைன் நுழையும் இடத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து ரவுட்டரை வீட்டின் நடுவில் வையுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும், கொஞ்சம் வளைந்தாலும் ஃபைபர் போல உடனே சாகாது, கெட்டால் நாமே மாற்றலாம். மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டி என்றால், இன்னொரு ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் (வைஃபையை மட்டும் பரப்பும் நிலையில்) போட்டு, 192.168.1.2 போல வேறு முகவரி கொடுத்து, முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் அதன் டிஹெச்சிபியை அணைத்துவிட்டால் போதும். எக்ஸ்டெண்டர் வாங்குவதைவிட இது நல்ல வழி. ஒரே ரேடியோவில் வாங்கி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வேகத்தைப் பாதியாக்கும். அதையும் சிக்னல் இல்லாத அறைக்குள் வைப்பார்கள். சிக்னல் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைத்தால்தான் கடத்துவதற்கு ஏதாவது கிடைக்கும்.

கேபிளில் முழு வேகம், வைஃபையில் மட்டும் குறைவு என்று தெரிந்துவிட்டால் இடத்தைப் பாருங்கள். டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், பெரிய முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், தரையில் என்று ரவுட்டரை ஒளித்து வைத்துவிட்டு வேகத்தை எதிர்பார்க்க முடியாது. உலோகம் தடுக்கும், தண்ணீர் உறிஞ்சும். தோள் உயரத்துக்கு மேல் திறந்த இடத்தில் வையுங்கள். நிமிர்ந்த ஆன்டெனா பக்கவாட்டில்தான் பரப்பும், உச்சிக்கு நேர்மேலே அல்ல. மாடிக்கு வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்க வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கை ரவுட்டரோடு ஒட்டி வைத்தாலும் அதே அலைவரிசையில் இரைச்சல் ஏறும். 2.4இல் சேனல் 1, 6, 11 மூன்றில் காலியானதைத் தேர்ந்தெடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர் ஒன்றிரண்டு தாண்டினால் தளர்ந்துவிடும்.

ரீஸ்டார்ட் செய்ததும் 2.4 பெயர் மட்டும் தெரிந்து 5 தெரியவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சேனல்கள் ரேடாரோடு பகிரப்படுபவை. அவற்றில் ஒளிபரப்பும் முன் ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் சும்மா இருந்து கேட்டாக வேண்டும். காத்திருங்கள், வரும். ஆணி அடிப்பதற்கு முன் ரவுட்டரை ஒரு முக்காலியில் வைத்து, கைபேசியில் வைஃபை அளக்கும் செயலியோடு ஒவ்வொரு அறையாக நடந்து பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல எண் வந்தால் வீடியோ அழைப்பு தடைபடாது. மைனஸ் 80 என்றால் அந்த மூலைக்கு வேறு வழி தேட வேண்டும்.

இத்தனையும் பார்த்தும் லைன் துண்டிலேயே கோளாறு நிற்கிறது என்றால் தொழில்நுட்பரைக் கூப்பிட வேண்டியதுதான். அழைக்கும்போது ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி வைத்துவிடுவார்கள். எந்த விளக்கு என்ன நிறத்தில் இருக்கிறது, ஆர்எக்ஸ் பவர் எவ்வளவு, மோடத்தை எப்போது நகர்த்தினீர்கள், லேன் கேபிளில் சோதித்ததில் என்ன தெரிந்தது என்று நான்கு வாக்கியத்தில் சொல்லுங்கள். ஃபைபர் ஒட்டும் இயந்திரத்தோடு வரச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பார்த்துவிட்டுப் போய் இன்னொரு நாள் வருவார்கள். வீட்டுக்குள் நாம் நகர்த்தியதற்கு வருகைக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்து அவர் கருவியைப் பையில் போடும் முன், சுவரிலிருந்து வரும் முனையில் ஒளியை அளக்கும் பவர் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லி, அந்த எண்ணையும் மோடம் பக்கத்தில் தெரியும் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். பிபிபிஓஇ விவரங்களையும் அவரிடமே கேட்டு எழுதி, பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.